ஓசி சாஃப்ட்வேரும் கட்டை விரலும்

அத்தியாயம் 5

“எங்க கம்ப்யூட்டருக்குள்ள எவனோ புகுந்து, கோட்டுக் கையை நீட்டி விட்டுட்டுப் போறான் மேடம்.”

யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியின் முதலாளி இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மேஜைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தாள். கேஸ் கொண்டு வருகிறவர் முன்னால் சிரித்தால் காலை மிதிப்பது எங்கள் அலுவலகச் சட்டம். என் செருப்பில் இடது மட்டும் சீக்கிரம் தேய்வதற்கு வேறு காரணம் இல்லை.

அக்கா முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். தானாக எரிந்த கார் எது, எரிய வைத்த கார் எது என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. கார்களை விட கார்க்காரர்கள் சுவாரசியமாக இருந்ததால் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டாள். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுவாள். அடுத்தவர் ஒளித்து வைத்ததை மட்டும் சட்டென்று எடுத்துவிடுவாள். நான் அவளுக்குத் தம்பி, டிரைவர், எடுபிடி. என் பெயரை அம்மா தவிர யாரும் சொல்வதில்லை. அக்காவுக்கு நான் வாலு.

முதலாளி விஷயத்துக்கு வந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரி, நர்ஸ்களுக்கான கோட்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. முதல் லோடு போன வேகத்தில் திரும்பி வந்திருக்கிறது. கை நீளம், உடம்பும் நீளம்.

“கை கழுவுறப்போ கோட்டுக் கையும் சேர்ந்து குளிக்குதாம். ஆஸ்பத்திரி சூப்பிரண்டு அம்மா போன்ல கேக்குறாங்க, மானம் போகுது.”

“இதுக்கு முன்னாடி இப்படி வந்ததே இல்லையா?” என்றாள் அக்கா.

“சத்தியமா இல்ல. எல்லாம் அந்த ஓசி சாஃப்ட்வேர் வந்த நேரம்.”

கோட்டின் ஒவ்வொரு துண்டையும் நிஜ அளவில் கம்ப்யூட்டரில் வரைந்து, கட்டில் அகலத்துக்கு இருக்கும் ஒரு பிரிண்டரில் காகிதமாக அடிப்பார்கள். அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அந்தக் காகிதத்தைத் துணிமேல் விரித்து, சுற்றிச் சாக் கட்டியால் கோடு போட்டு வெட்டுவார்கள். பேட்டர்ன் வரைவதற்கு, வருஷா வருஷம் சந்தா கட்டி ஒரு கம்பெனி சாஃப்ட்வேர் வைத்திருந்தார்கள். முதலாளியின் சின்ன மருமகள் தொழிலுக்குள் வந்ததும் அதை நிறுத்திவிட்டு, ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறாள். காசு கிடையாது. அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், குறை இருந்தால் திருத்தியும் அனுப்பலாம்.

“யார் வேணும்னாலும் திறக்கலாம்னா எதிர்க் கம்பெனிக்காரன் திறக்க மாட்டானா? வாசல் கதவைத் திறந்து போட்டுட்டு, உள்ள வந்தவன் பேர் என்னன்னு இப்போ உங்களைக் கேக்குறேன்” என்றார் முதலாளி. “சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள ஆளைக் காட்டுங்க. முடியலைன்னா பழைய சாஃப்ட்வேருக்கே போயிடுறேன். சின்ன மருமக வீட்டோட இருக்கட்டும். நான் ஒண்ணும் கொடுமைக்கார மாமனார் இல்ல. படிச்ச பொண்ணாச்சேன்னு நானே நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அந்த நாற்காலியாலதான் இப்போ என் பேர் கெட்டுப் போச்சு.”

சின்ன மருமகள் கதவருகில்தான் நின்றிருந்தாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தாலும் அழுதது தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. வேலைக்கு வந்த இடத்தில் மாமனாரே முதலாளியாக இருந்தால், திட்டு வாங்கினாலும் ராஜினாமா கடிதத்தை யாரிடம் நீட்டுவது?

திரும்பி வந்த கோட்டுகள் கோடவுனில் மலையாகக் கிடந்தன. அவள்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

“உள்ள யாரும் புகுந்திருக்க முடியாது மேடம். அதுல யார் எதை மாத்தினாலும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மறைக்கவே முடியாது. இதை மாமாகிட்ட சொன்னா, ‘ஓசிதானேம்மா’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறாரு.”

“மத்தவங்க?”

“அவங்களும்தான். பழைய சாஃப்ட்வேர் பாதி வேலையில அப்படியே நின்னுடும். அப்போல்லாம், ‘பெரிய சாஃப்ட்வேர், பாவம், நிறைய யோசிக்குது’ன்னு டீ குடிக்கப் போவாங்க. இது கொஞ்சம் மெதுவா திறந்தாக்கூட, ‘பாத்தியா, ஓசி புத்தி’ங்கிறாங்க. சந்தா கட்டாம விட்டதும் பழசு திறக்கவே மாட்டேன்னுடுச்சு. அதுக்கும் என்னைத்தான் திட்டினாங்க.”

“எங்க வீட்டுலயும் அப்படித்தான்” என்றேன். “காசு கொடுத்து வாங்கின மிக்சி சத்தம் போட்டா அதுக்கு பவர் ஜாஸ்தி. நான் சத்தம் போட்டா எனக்குத் திமிர்.”

“உன்னைக் காசு கொடுத்து வாங்கலையேடா” என்றாள் அக்கா. “சரி, வேலையைப் பாரு. இதுல சரியான அளவுல இருக்குற கோட்டைத் தேடி எடு.”

“எல்லாம்தான் தப்புன்னு திரும்பி வந்திருக்கே.”

“ஆஸ்பத்திரிக்காரங்க நாலஞ்சு போட்டுப் பாத்துட்டு மொத்தமா அனுப்பியிருப்பாங்க. ஒவ்வொண்ணா யாரு போட்டுப் பாப்பா? தப்பா இருக்குறதைத்தான் எல்லாரும் பாத்தாச்சு. சரியா இருக்குறதை இன்னும் ஒருத்தரும் பாக்கலையே.”

தேட ஆரம்பித்தேன். நர்ஸ் கோட்டுகளை என் மார்பில் வைத்து வைத்துப் பார்த்ததில் பாதி நர்ஸாகவே ஆகிவிட்டேன். ஆனால் அக்கா சொன்னது பலித்தது. நீளக் கோட்டுகளுக்கு நடுவில் அங்கங்கே கச்சிதமான கோட்டுகளும் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே சைஸ் லேபிள், ஒரே துணி, ஒரே பட்டன். தனியாக ஒரு குவியல் சேர்ந்தது.

அக்கா கண்ணாடியைத் தேடினாள். தலையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு கோட்டை உள்பக்கமாகத் திருப்பி, தையல் ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தாள். இன்னொன்றைத் திருப்பினாள். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“ஏம்மா, உங்க எதிரி கம்ப்யூட்டருக்குள்ள புகுந்தா, கோட்டுக்கு ஏத்த மாதிரி சாக் கலரையும் மாத்திட்டுப் போவானா?”

நானும் எட்டிப் பார்த்தேன். துவைக்காத துணி, அதனால் வெட்டும்போது போட்ட சாக் கோடு தையலுக்குள் லேசாகத் தங்கியிருந்தது. நீளமான கோட்டுகளில் நீலம். சரியான கோட்டுகளில் மஞ்சள்.

“நீலம் மாஸ்டரோடது” என்றாள் சின்ன மருமகள் மெதுவாக. “மஞ்சள் புதுசு வச்சிருக்குறது.”

புதுசு என்பது புதிதாகச் சேர்ந்த கட்டர் அம்மாவுக்கு அங்கே வைத்த பெயர். சாஃப்ட்வேர் மாறின பிறகு சேர்ந்தவர். மாஸ்டர், கம்பெனி தொடங்கியதிலிருந்தே இருக்கிற தலைமைக் கட்டர்.

“மாஸ்டருக்குப் புது சாஃப்ட்வேர் பிடிக்குமா?” என்று கேட்டேன்.

“அதைப் பத்தி எங்கிட்ட பேசவே மாட்டாரு. பேட்டர்னை ரெண்டு விரலால பிடிச்சு வாங்குவாரு.”

“அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சது” என்றேன். அக்கா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் கேஸ் முடியவில்லை என்று அர்த்தம்.

கட்டிங் ஹாலில் நீண்ட மேஜைகள். ஒரு பக்கம் மாஸ்டர், கழுத்தில் டேப், காதில் பென்சில். இன்னொரு பக்கம் புதுசு. சுவர் முழுக்க அட்டைத் துண்டுகள் ஆணியில் தொங்கின. பழைய சாஃப்ட்வேரில் அடித்த பேட்டர்ன்களை அட்டையில் வெட்டி வைத்திருக்கிறார்களாம். முதலாளியும் எங்கள் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார்.

அக்கா சின்ன மருமகளிடம் காதில் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவள் இரண்டு காகிதங்களோடு வந்தாள். இரண்டிலும் ஒரே காலர் வரைபடம்.

“மாஸ்டர், ஒண்ணு பழைய சாஃப்ட்வேர்ல அடிச்சது, ஒண்ணு புதுசுல அடிச்சது. எது எதுன்னு சொல்ல முடியுமா?” என்றாள் அக்கா.

மாஸ்டர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தார். “இது என்ன பெரிய விஷயம். இதோ, இந்தக் கோடு பாருங்க, நெளிவு எவ்வளவு சுத்தமா வருது. இது நம்ம பழசு. இன்னொண்ணு நடுங்குது. ஓசி.”

“ஆமா, பாத்தாலே தெரியுது” என்றார் முதலாளி. “காகிதமே ஒரு மாதிரி இருக்கு.”

“ரெண்டும் ஓசிதாங்க” என்றாள் அக்கா. “பழசுதான் திறக்கவே மாட்டேங்குதாமே.”

புதுசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி இரண்டு காகிதத்தையும் மறுபடி வாங்கிப் பார்த்தார். நடுங்குகிற கோட்டை இப்போது அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“கோவிச்சுக்காதீங்க மாஸ்டர், சும்மா விளையாட்டு” என்று அக்கா பேச்சை மாற்றினாள். “ஒரு கோட்டு வெட்டிக் காட்டுங்க. தொழிலைப் பாக்க ஆசையா இருக்கு.”

மாஸ்டர் விறைப்பாகத் துணியை விரித்தார். பேட்டர்னை மேலே போட்டு, இரும்புக் கட்டைகளை வைத்து, நீலச் சாக்கை எடுத்தார். கையா அது, என்ன வேகம். தோள், அக்குள், பக்கவாட்டு என்று காகிதத்தை ஒட்டியே கோடு ஓடியது. கீழ் ஓரத்துக்கு வந்ததும் அவருடைய கட்டை விரல் காகித ஓரத்தில் படுத்தது. சாக், விரலுக்கு அந்தப் பக்கமாகப் போனது. கைத் துண்டுக்கு வந்ததும் கட்டை விரலுக்குப் பதில் சுண்டு விரல்.

“அக்கா, ஆள் மாட்டிக்கிட்டாரு” என்றேன்.

முதலாளியும் பார்த்துவிட்டார். அவர் முகம் சிவந்தது. “மாஸ்டர், நீங்களா? உங்களை என் கூடப் பிறந்தவரா நினைச்சேனே. சாஃப்ட்வேர் பிடிக்கலைன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஆர்டரைக் கெடுக்கலாமா?”

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அப்படி நடிக்கத் தெரிந்தவர் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டார்.

“நான் என்னங்க பண்ணினேன்? எப்பவும் இப்படித்தானே வெட்டுறேன். உடம்புக்குக் கட்டை விரல், கைக்குச் சுண்டு விரல். துணி தையல்ல இழுத்துக்கும், அதுக்குக் கொஞ்சம் விடுறது. நீங்களே பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க. இதே கையில வெட்டின கோட்டுதானே இத்தனை காலமா எல்லா ஆஸ்பத்திரிக்கும் போச்சு? ஒண்ணாவது திரும்பி வந்ததா?”

கேட்ட வேகத்தில் மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. சுவரிலிருந்து கோட்டின் பழைய அட்டையைப் பிடுங்கி, புதுப் பேட்டர்ன் காகிதத்தின் மேல் பொருத்திப் போட்டார். தோள்பக்கம் சரியாக உட்கார்ந்தது. கீழே, அட்டை முடிந்த பிறகும் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சரியாக ஒரு கட்டை விரல்.

“பாத்துக்குங்க. என் கையில தப்பு இல்ல. உங்க ஓசிதான் நீட்டி அடிக்குது.”

இந்த முறை கேஸ் நிஜமாகவே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சின்ன மருமகள் அந்த நீட்டலையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நானே வரைஞ்சேன் மாமா, நம்பரெல்லாம் சரியாத்தான் போட்டேன்” என்றாள். முதலாளி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“சரி மேடம். எதிர்க் கம்பெனிக்காரன் வரலை. சாஃப்ட்வேரே தண்டம். இதோட விட்டுடுவோம்.”

“விடலாம்” என்றாள் அக்கா. “ஒரே ஒரு சந்தேகம். காகிதம் நீளம்னா, அதே காகிதத்துல வெட்டின புதுசு அம்மாவோட கோட்டு ஏன் அளவெடுத்த மாதிரி இருக்கு? அவங்க விரல் வைக்கிறதில்லையா?”

“எனக்கு யாரும் விரல் கதை சொல்லலைங்க” என்றார் புதுசு. “காகிதம் எங்க முடியுதோ அங்க முடிச்சுடுவேன்.”

“அப்போ அட்டைக்கும் காகிதத்துக்கும் சண்டை. எது சரி?”

“இதுல என்ன கேள்வி? அட்டைதான்” என்றார் முதலாளி. “அது சந்தா கட்டின சாஃப்ட்வேர்ல வந்தது.”

“அட்டையை யாராவது அளந்து பாத்திருக்கீங்களா?”

அளந்திருக்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய தராசை எடை போட்டுப் பார்க்கிறவர் யார் இருக்கிறார்கள். அக்கா மாஸ்டரின் கழுத்திலிருந்த டேப்பைக் கேட்டு வாங்கி முதலாளி கையிலேயே கொடுத்தாள். ஆஸ்பத்திரி கேட்ட நீளத்தைச் சின்ன மருமகள் சொல்ல, முதலாளி முதலில் காகிதத்தை அளந்தார். சொன்ன அளவு அப்படியே இருந்தது. அட்டையை அளந்தார். டேப்பை இழுத்துவிட்டு மறுபடி அளந்தார். டேப்பைத் திருப்பி வைத்தும் அளந்தார்.

அட்டைதான் ஒரு கட்டை விரல் குறைவு.

“மாஸ்டர், துணி எப்போலருந்து இப்படி இழுத்துக்குது?” என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

“ரொம்ப நாளாங்க. இந்தப் பெரிய பிரிண்டரும் பழைய சாஃப்ட்வேரும் வாங்கின புதுசுல, தைச்சதெல்லாம் குட்டையா வந்துச்சு. தடுமாறிப் போயிட்டோம். அப்புறம்தான் விரல் வைக்க ஆரம்பிச்சேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி பேட்டர்னைக் கையாலதான் வரைவோம். அப்போல்லாம் துணி சுருங்…”

மாஸ்டர் பாதியில் நிறுத்திவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து தன் கட்டை விரலைப் பார்த்தார். எவ்வளவோ நல்ல மனிதர், அவரைத் திருடனைப் பிடித்த மாதிரி காட்டிக் கொடுத்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

சின்ன மருமகள் இதற்குள் கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். “இந்த பிரிண்டர்ல உருளை லேசா வழுக்குமாம் மேடம். நீளவாக்குல எதை அடிச்சாலும் குறைஞ்சுதான் வருமாம். எங்கேயோ ஒரு தையல்காரர் இந்த ஓசி சாஃப்ட்வேரைப் போட்டுட்டு, ‘என்னய்யா எழுதியிருக்கீங்க, கால்சட்டை குட்டையா வருது’ன்னு எல்லாரும் பாக்குற மாதிரி கிழிகிழின்னு கிழிச்சிருக்காரு. உடனே ஒருத்தர், குறையுற நீளத்தை முன்னாடியே கூட்டி அடிக்கிற மாதிரி திருத்திட்டாரு.”

“பழைய சாஃப்ட்வேர்க்காரங்க ஏன் திருத்தலை?” என்றேன்.

“யாரு போய்ச் சொன்னாங்க?” என்றாள் அக்கா. “ஓசியில வந்ததுன்னா முதல் நாளே குறை சொல்லுவோம். அதனால அது சரியாயிடுச்சு. காசு போட்டு வாங்கினதைக் குறை சொல்ல மனசு வராது. கையைச் சந்தேகப்படுவோம், துணியைச் சந்தேகப்படுவோம். இங்க ஒரு நல்ல மாஸ்டர் தன் விரலை வச்சு அதோட மானத்தைக் காப்பாத்திட்டு வந்திருக்காரு. குட்டைக் காகிதமும் நீட்டுற விரலும் சேர்ந்தா கணக்கு சரியா இருந்துச்சு. காகிதம் ஒழுங்கானதும் விரல் மட்டும் மிஞ்சிடுச்சு.”

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நீளக் கோட்டுகளை ஒரு விரல் மடித்துத் தைத்தால் போதும், துணி வீணில்லை என்று புதுசு சொன்னார். முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கோட்டுகள் சரியாகி வரும் என்றார். அப்புறம் மருமகளைப் பார்க்காமலேயே அவளுடைய நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா. இனிமே இது உன் இடம். பேட்டர்ன் விஷயத்துல உன் பேச்சுதான்.”

அவள் உட்கார்ந்தாள். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்தாள். மாஸ்டர் எழுந்து அவளிடம் போய், அடுத்த பேட்டர்னை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் கார் சாவியை எடுத்துவிட்டேன். அக்கா கிளம்பவில்லை.

“துணி சுருங்குதுன்னு நினைச்சீங்களே, அப்போ யார்கிட்ட துணி வாங்கினீங்க?”

மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார்.

“அப்புறம் வேற வேற கடையில வாங்கினோங்க” என்று மாஸ்டர்தான் இழுத்தார். “எவன்கிட்ட வாங்கினாலும் சுருங்குச்சு. காலம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்.”

“முதல்ல யார்கிட்ட வாங்கினீங்க?”

“என் தம்பிகிட்ட” என்றார் முதலாளி. “மட்டத் துணியை என் தலையில கட்டுறியான்னு, இதே ஹால்ல, எல்லார் முன்னாடியும் கேட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசலை. துணிக் கட்டைத் தூக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் நல்லதுக்கும் வரலை, கெட்டதுக்கும் வரலை. பையன் கல்யாணத்துக்கு நானும் கூப்பிடலை.”

அவர் தன் போனை எடுத்து, எதையோ தேடி, மூடி வைத்தார். “நம்பர்கூட வச்சுக்கலை.”

“எங்கிட்ட இருக்கு மாமா” என்றாள் சின்ன மருமகள்.

“உன்கிட்ட எப்படி?”

“கல்யாணம் முடிஞ்சதும் நான்தான் போன் பண்ணினேன். சின்ன மாமா ஆசீர்வாதம் பண்ணினாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு.”

அவர் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்குள் அவள் நம்பரை அழுத்தி, போனை அவர் கையில் வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் மணி போவது எங்களுக்கும் கேட்டது. எடுத்தவர், “சொல்லும்மா” என்றார். முதலாளி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

“நான்தான்டா” என்றார். “துணி நல்ல துணிதான்டா.”